டிரெட் மிச்சம் இருக்கிறது, கிரிப் போய்விட்டது: பின்பக்க டிராக் ரேடியல், 2 செட் தீர்ந்த பிறகு

500 ஹார்ஸ்பவரைத் தாண்டிய ரியர் வீல் டிரைவ் காருக்குப் பின்னால் என்ன டயர் போடலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் குறித்து வைத்திருந்த பட்டியல் முழுக்க அகலம்தான்: 275 மில்லிமீட்டரா, 305-ஆ, 315-ஆ? அகலத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்கிற நொடியில் ரப்பர் எவ்வளவு சூட்டில் இருக்கும் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். 305/35ஆர்18 அளவில் (அகலம் 305 மில்லிமீட்டர், சைட்வால் எனும் பக்கச் சுவரின் உயரம் அதில் 35 சதவீதம், ரிம் 18 அங்குலம்), டிரெட்வேர் (தேய்மான எண், குறைந்தால் சீக்கிரம் தேயும்) 100 போட்ட டிராக் ரேடியல், அதாவது நேர்கோட்டு டிராக் பந்தயத்துக்கான மென்மையான ரப்பர் டயர், 2 செட் ஓடித் தீர்ந்த பிறகும் மனசில் நிற்கிற சந்தோஷம், எரிச்சல் இரண்டும் இந்தச் சூட்டைச் சுற்றித்தான்.

ஒரு கணக்குப் போட்டால் விஷயம் விளங்கிவிடும். 600 நியூட்டன் மீட்டர் டார்க், 3.7 ஃபைனல் டிரைவ் (பின் அச்சின் பல்சக்கர விகிதம்), டயரின் ஆரம் 0.335 மீட்டர். முதல் கியர் 3.0 என்றால் ரோட்டில் இறங்கும் தள்ளுவிசை கிட்டத்தட்ட 20,000 நியூட்டன். இரண்டாவது கியரில் (1.9) 12,600, மூன்றாவதில் (1.3) 8,600. கியர்பாக்ஸ் இழப்பை இதில் கழிக்கவில்லை. கார் 1,700 கிலோ, பின் அச்சில் 48 சதவீதம், வீல்பேஸ் 2.7 மீட்டர், எடைமையம் அரை மீட்டர் உயரத்தில் என்று வையுங்கள். கிளம்பும்போது பின்னால் சாயும் எடையையும் சேர்த்து, உராய்வு எண் 0.8 மட்டுமே தரும் குளிர்ந்த டயர் 7,500 நியூட்டன் வரை தாங்கும். 1.0 தரும் நல்ல சம்மர் டயர் சூடானபின் 9,800 தாங்கும். 1.3 தரும் சூடான டிராக் ரேடியல் 13,700 வரை போகும். ஆக, குளிர்ந்த டயர் மூன்றாவது கியரிலேயே வழுக்கும். சம்மர் டயர் மூன்றாவதைத் தாங்கும், டிராக் ரேடியல் இரண்டாவதையும் தாங்கும். முதல் கியரில் முழு மிதியைத் தாங்க ரோட்டு டயர் எதனாலும் ஆகாது. அதைக் காலால்தான் சமாளிக்க வேண்டும்.

அந்த இரண்டாவது கியர் பிடிப்புக்காகவே இந்த டயரை வாங்கலாம் என்று தோன்றும். 20 நிமிடம் ஓடியபின் டிரெட்டை (தரையில் படும் ரப்பரை) தொட்டால் விரல் லேசாக ஒட்டும். பொடிக் கற்களை அள்ளிக்கொண்டு போய் வீல் ஆர்ச்சில் படபடவென்று அடிக்கும். அந்தச் சத்தம் வந்தால் ரப்பர் தயார். மிதித்தால் பின்பக்கம் அமுங்கி உட்கார்ந்து கார் நேராகப் போகும், டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு கண் சிமிட்டாது.

எரிச்சல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு முறை நன்றாகச் சூடாகி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் இறுகிப்போகிறது. இந்த ஹீட் சைக்கிளைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டிரெட் 3 மில்லிமீட்டர் பாக்கி, தேய்மானக் குறி இருக்கும் 1.6-க்கு இன்னும் தூரம், சைட்வால் புதுசு மாதிரி இருக்கும். ஆனால் இரண்டாவது கியரில் மிதித்தால் விர்ரென்று சுற்றும். ரப்பர் எவ்வளவு கெட்டி என்று அளக்கும் ஷோர் ஏ டியூரோமீட்டர் ஒன்று வாங்கி, டயர் புதிதாக இருக்கும்போதே ஒரு அளவு எடுத்துக் குறித்து வையுங்கள். பிறகு எப்போதும் அதே வெப்பநிலையில் அளக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. புதிதில் 55 காட்டியது 65-ஐத் தாண்டினால் அந்த டயரின் வேலை முடிந்தது. தயாரிப்பாளரை இதற்குக் குறை சொல்வது நியாயமில்லை, மென்மையான கலவையின் குணமே இது. ஆனால் சைட்வாலில் பொறித்த டிரெட்வேர் எண் இதைப் பற்றி மூச்சே விடுவதில்லை என்பது கோபம் வரவைக்கிறது. சுமார் 11,600 கிலோமீட்டர் ஓட்டி, ஒரு ஒப்பீட்டு டயரோடு தேய்மானத்தைப் பார்த்து, தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் எண் அது. கிரிப் எத்தனை நாள் நிற்கும் என்பது அந்தச் சோதனையில் இல்லை. ஒரு கம்பெனியின் 200-ம் இன்னொரு கம்பெனியின் 200-ம் ஒன்றல்ல.

காற்று விஷயத்தில் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். டிராக் பந்தயத்தில் 16, 18 பிஎஸ்ஐ வைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு 35 ப்ரொஃபைல் டயரில் அதையே வைக்காதீர்கள். அவ்வளவு குட்டை சைட்வால் மடிவதற்கு இடமே இல்லை, தோள் மட்டும் தரையில் அழுந்தி நடுப்பகுதி வேலை செய்யாமல் போகும். ரோட்டுக்குக் குளிர்ந்த நிலையில் 28 வைத்தால் சூடானபின் 32 வாக்கில் நிற்கும். 5.5 டிகிரி செல்சியஸ் மாற்றத்துக்கு ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ. டிரெட்டின் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து 10 மீட்டர் நேராக ஓட்டுங்கள். நடுவில் முதலில் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் அழிந்தால் குறைவு.

இன்னொரு சாக்பீஸ் கோடு சைட்வாலிலிருந்து ரிம்முக்கு. வேகமாகக் கிளம்பும்போது ரிம்முக்குள்ளேயே டயர் நழுவும். கோடு இரண்டாகப் பிரிந்து 2 விரற்கடை தள்ளி நின்றால் பேலன்சிங் போய்விட்டது என்று அர்த்தம். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் நடுக்கத்துக்கு வீல் பேரிங்கைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கோட்டைப் பாருங்கள். டயர் மாட்டும்போது பீடில் (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பில்) அள்ளிப் பூசும் வழுக்குப் பசைதான் பெரும்பாலும் காரணம். குறைவாகப் பூசச் சொல்லுங்கள், மாட்டி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டபின் மிதியுங்கள்.

305 போட ரிம் குறைந்தது 10 அங்குலம் வேண்டும். 9 அங்குலத்தில் திணித்தால் டிரெட் நடுவில் புடைத்து, 275 தரும் கிரிப்கூட வராது. 17 அங்குல ரிம்முக்கு இறங்கி 305/45 போட்டால் சைட்வால் உயரம் கிடைக்கும், கிளம்பும் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். ஆனால் விட்டம் 671-லிருந்து 706 மில்லிமீட்டர் ஆகிவிடும். 5 சதவீத வித்தியாசத்தில் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், டிராக்‌ஷன் கன்ட்ரோலும் குழம்பும். பிரேக் கேலிப்பர் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பின் கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) மைனஸ் 1.5 டிகிரியில் இருந்தால் மைனஸ் 0.7 பக்கம் கொண்டுவாருங்கள். டிஃபரென்ஷியல் ஓப்பன் டைப் (ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றதுக்கும் விசை போகாத வகை) என்றால் டயர் செலவை நிறுத்திவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

மழையில் இந்த டயர் ஆபத்து. புதிதிலேயே டிரெட் ஆழம் 5 மில்லிமீட்டர் அளவுதான், வழக்கமான சம்மர் டயருக்கு 8 வரை இருக்கும். தேங்கிய தண்ணீரில் 80-ஐத் தாண்டாதீர்கள். குளிரும் ஆகாது. 7 டிகிரிக்குக் கீழே ரப்பர் விறைத்துவிடும், உறைபனியில் வண்டியை நகர்த்தினாலே டிரெட் விரிசல் விடலாம். முன்னால் விறைப்பான சைட்வால் டயர் இருந்தால், வேகமாக லேன் மாறும்போது பின்பக்கம் அரை நொடி தாமதமாக வந்து வாலாட்டும். பழகலாம், ஆனால் பிடிக்காது.

தினமும் ஓட்டும் காருக்கு டிரெட்வேர் 200 அல்லது 300 போட்ட டயர்தான் சரி. நண்பருக்கும் அதையே சொல்லியாயிற்று. என் காருக்கு அடுத்த செட்டும் அதே டிராக் ரேடியல்தான், அந்த இரண்டாவது கியரை விட்டுக்கொடுக்க மனசில்லை. ஒரே நிபந்தனை, சைட்வாலில் தேதிக் குறியின் 4 இலக்கத்தைப் பார்த்த பிறகுதான் வாங்குவது. 3523 என்றால் 2023-ன் 35-வது வாரம். 6 மாதத்துக்கு மேல் கிடங்கில் கிடந்தது என்றால், எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் வேண்டாம்.