ஏஞ்சல்மேன் நோய்க்குறியும் பிசியோதெரபியும்: எங்கள் மகனுடன் ஆறு ஆண்டுகள்

எங்கள் மகனுக்கு 14 மாதம் ஆகியும் தானாக உட்கார வராததால் பிசியோதெரபியைத் தொடங்கினோம். அவனுக்கு இருப்பது ஏஞ்சல்மேன் நோய்க்குறி என்று மரபணுப் பரிசோதனையில் தெரியவந்தது அதற்கும் ஐந்து மாதங்கள் கழித்துத்தான். தாயிடமிருந்து வரும் 15ஆம் குரோமோசோமில் உள்ள யூபிஈ3ஏ என்ற மரபணு மூளையில் செயல்படாமல் போவதால் வரும் இந்த நிலை, ஏறத்தாழ 12,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்குத்தான் ஏற்படுகிறது. ஆகவே, இதே நிலையில் உள்ள இன்னொரு குழந்தைக்குப் பயிற்சி அளித்த அனுபவம் எந்தப் பிசியோதெரபிஸ்டுக்கும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

முதலில் சென்ற மையத்தில் பயிற்சி என்பது பெரும்பாலும் கைகால்களைப் பிடித்து நீட்டி மடக்குவதாகவே இருந்தது. அவன் அழுதாலும் நிறுத்த மாட்டார்கள். நான்கு மாதங்களுக்குப் பிறகு அவன் அந்த அறையின் கதவைப் பார்த்தாலே உடலை விறைத்துக்கொள்ளத் தொடங்கியதும் நாங்கள் விலகிவிட்டோம். பக்கவாதம் முதலான நரம்புப் பாதிப்பு உள்ளவர்களிடம் தசைகளை நீட்டும் பயிற்சியால் மூட்டின் அசைவில் குறிப்பிடத்தக்க பயன் கிடைப்பதில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்வதைப் பின்னாளில்தான் படித்தேன். அந்த நான்கு மாதங்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இப்போதைய பிசியோதெரபிஸ்ட், இந்த நோய்க்குறியைத் தாம் முன்பு நேரில் கண்டதில்லை என்பதை ஒளிக்காமல் சொன்னார். அதன்பின் இரண்டு அமர்வுகள் அவனைத் தொடாமல், அவன் விளையாடுவதையே பார்த்துக் குறிப்பெடுத்தார். நடுவுடல் தொய்வாகவும் கைகால்கள் விறைப்பாகவும் இருப்பதோடு, அசைவுகளில் நடுக்கமும் தள்ளாட்டமும் இருப்பதால், தசையை வலுப்படுத்துவது மட்டும் போதாது, ஒரு செயலைத் தானே தொடங்க அவனுக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்றார். "எழுந்திரு கண்ணா" என்று சொல்லிவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ண வேண்டும்; அதற்குள் கை கொடுக்கக் கூடாது. எனக்கு மிகக் கடினமாக இருந்த பயிற்சி இதுதான். குட்டை முக்காலியில் அமர்ந்திருப்பவன் ஏழு, எட்டு எண்ணும்வரை எதுவுமே கேட்காதவன்போல் இருப்பான். ஒன்பதில் பாதம் தரையில் அழுந்தும், முழங்கால் நடுங்கும், பிட்டம் ஓர் அங்குலம் எழும்பும். அதற்கு முன்பெல்லாம் மூன்று எண்ணுவதற்குள் நானே தூக்கிவிட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாரத்துக்கு இரண்டு அமர்வுகளால் மட்டும் இந்த மாற்றம் வந்துவிடவில்லை. உடை மாற்றும்போது நின்றுகொண்டே மாற்றுவது, பிடித்த பொம்மையைச் சோபாவின் மறுமுனையில் வைப்பது என்று அன்றாட வேலைகளுக்குள் பயிற்சி நுழைந்த பிறகே முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. தண்ணீர் என்றால் இந்தக் குழந்தைகளுக்குத் தனிப் பிரியம் உண்டு. நீரில் நிற்கும் நேரத்தை அவன் பயிற்சியாகவே கருதுவதில்லை. இரவில் சரியாகத் தூங்காத நாளிலும் வலிப்பு வந்த நாளிலும் நாங்கள் எதையும் வலியுறுத்துவதில்லை.

உடலைத் தாங்கி நிற்க வைக்கும் ஸ்டாண்டிங் ஃப்ரேம் நன்றாகவே பயன்பட்டது. ஆனால் குழந்தை வளர வளர அதன் முழங்கால் தாங்கியையும் இடுப்புப் பட்டையையும் மாற்றிப் பொருத்த வேண்டும் என்று எங்களிடம் அதைக் கொடுத்தவர்கள் சொல்லவே இல்லை. கணுக்காலையும் பாதத்தையும் தாங்கிப் பிடிக்க மாட்டும் ஏ.எஃப்.ஓ. என்ற சாதனத்தின் விஷயத்தில் இதைவிடப் பெரிய பாடம் கிடைத்தது. புதியதை மாட்டிய முதல் வாரம் முழுவதும் அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். பொருந்திவிட்டது என்று நினைத்தோம். ஒரு மாலை காலுறையைக் கழற்றியபோது குதிகாலின் உட்புறத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிவந்திருந்தது, அரை மணி நேரமாகியும் மறையவில்லை. இந்நோய்க்குறி உள்ள குழந்தைகள் வலிக்கும்போதும் சிரிக்கக்கூடும் என்பதால் முகத்தை நம்பக் கூடாது, தோலைத்தான் பார்க்க வேண்டும். 20 நிமிடங்களுக்கு மேல் சிவப்பு நீடித்தால் மாட்டுவதை நிறுத்திவிட்டு, செய்து கொடுத்தவரிடம் திருத்தக் கொண்டுபோவது அன்றுமுதல் எங்கள் வழக்கம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை உட்காருதல், நிற்றல் போன்ற இயக்கத் திறன்களை அளக்கும் ஜி.எம்.எஃப்.எம்.-88 என்ற அளவீட்டைச் செய்கிறோம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்ட அதில் 88 செயல்களுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் தருவார்கள். மற்றக் குழந்தைகளோடு ஒப்பிடாமல் அவனுடைய பழைய தாளோடு மட்டும் ஒப்பிட்டால் அது பயனுள்ளது. உட்காருதல் பகுதியில் மதிப்பெண் சீராக ஏறியது; நிற்றல் பகுதியிலோ ஓராண்டு முழுவதும் அசையவே இல்லை. அந்த ஆண்டில் பயிற்சியை விட்டுவிடலாமா என்று பலமுறை பேசினோம். பிறகு, ஐந்தாவது வயதில், ஒரே மாதத்துக்குள் சுவரைப் பிடித்துப் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கினான்.

இப்போது கைகளை உயர்த்தி, கால்களை அகட்டி வைத்து, எதையும் பிடிக்காமல் எட்டு அடி வைக்கிறான். திரும்பும்போது மட்டும் விழுகிறான். வளர்ச்சி வேகமெடுக்கும் வயதில் முதுகுத்தண்டு வளையும் வாய்ப்பு இருப்பதால், அடுத்த பரிசோதனையில் முதுகையும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். புதிய ஏ.எஃப்.ஓ.வுக்கு அளவும் எடுத்தாயிற்று.