நாலு லட்சத்தில் இழுவைக்கும் சுமைக்கும் ஒரே வண்டி: குட்டி யானையா, தோஸ்த்தா, கேம்பரா?

சத்தியமங்கலத்தில் நான் வைத்திருப்பது சின்னப் பட்டறை. மாருதி 800, ஆம்னி, பழைய ஆல்டோ, வருடத்துக்கு ஒன்றிரண்டு பத்மினி, இவைதான் வாடிக்கையாக வரும் வண்டிகள். வேலையில் பாதி பட்டறைக்கு வெளியே நடக்கும். "அண்ணா, பண்ணாரி தாண்டி மேல ஏறிட்டோமுங்க, வண்டி நின்னுபோச்சு" என்று போன் வந்தால், போய்க் கட்டி இழுத்து வர வேண்டும். மற்ற நாட்களில் ஈரோட்டுக்கும் கோவைக்கும் போய் இன்ஜின், கியர்பாக்ஸ், கதவு, கண்ணாடி என்று ஏற்றி வர வேண்டும். இத்தனை வருடமும் இரண்டுக்கும் வாடகை வண்டிதான். கையில் நாலு லட்சம் சேர்ந்ததும், செகண்ட் ஹேண்டில் சொந்தமாக ஒன்று எடுத்துவிடலாம் என்று இறங்கினேன். மூன்று மாதம் அலைந்து பார்த்ததை எழுதுகிறேன். சின்னப் பட்டறை வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டி பார்க்கப் போகிற இடத்தில் எல்லாரும் எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு மைலேஜ் என்றுதான் பேசுவார்கள். இழுவைக்கு அது இரண்டாம் பட்சம். காரைக் கிளப்பி இழுக்க எந்த வண்டிக்கும் திறன் போதும். நிறுத்துவதுதான் கஷ்டம். சில வருடங்களுக்கு முன் வாடகைக்கு எடுத்த ஒரு சின்னச் சரக்கு வண்டியில் ஆம்னி ஒன்றைக் கட்டித் திம்பத்திலிருந்து இறக்கினேன். 27 கொண்டை ஊசி வளைவு உள்ள இறக்கம் அது. ஆம்னி ஸ்டியரிங்கில் என் பட்டறைப் பையன். பிரேக் மிதிக்கக் கை கொடுக்கும் பூஸ்டருக்கு, இன்ஜின் ஓடாத காரில் வேக்குவம் (உறிஞ்சல்) கிடைக்காது. இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும். ஒவ்வொரு வளைவிலும் கயிறு தொய்ந்து, ஆம்னி என் பின்னால் நெருங்கி வந்தது. கண்ணாடியில் பார்க்கிறேன், பையன் இரண்டு காலையும் பெடலில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறான். காலி வண்டியின் பின்சக்கரம் மண் கிடந்த இடத்தில் வழுக்கியது. பாதி வழியிலேயே ஓரங்கட்டி, ஆம்னியை அங்கேயே விட்டுவிட்டு, மறுநாள் ரெக்கவரி வண்டி வைத்து இறக்கினோம். தப்பு என்னுடையது. அந்த எடைக்கு அந்த வண்டியை எடுத்துப் போயிருக்கவே கூடாது.

அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: இழுக்கிற வண்டி, இழுபடுகிற காரைவிட ஒன்றரை மடங்காவது எடை இருக்க வேண்டும். மலைப்பாதை என்றால் இரண்டு மடங்கு. மாருதி 800 சுமார் 650 கிலோ. ஆம்னி 800 கிலோவுக்குப் பக்கம். பத்மினி 900. அம்பாசிடர் 1,100-க்கு மேல் போகும்.

இந்தக் கணக்கை வைத்துக் குட்டி யானையைப் பாருங்கள். டாடா ஏஸைத்தான் அப்படிச் சொல்வோம், 2005-ல் வந்தது. 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல், 16 குதிரைத்திறன். காலி எடை 800 கிலோ சொச்சம். பத்மினியைக் கட்டினால் பின்னால் வருவதுதான் கனமாக இருக்கும். இறக்கத்தில் கியரில் போட்டு வேகத்தைப் பிடிக்கலாம் என்றால், 702 சிசி எவ்வளவு பிடிக்கும்? சமதரையில் ஒரு 800-ஐ ஊருக்குள் இரண்டு தெரு இழுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

ஆனால் சுமை ஏற்றுவதில் ஏஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. தளம் தாழ்வு. 800 இன்ஜினை இரண்டு பேர் பிடித்து அப்படியே உள்ளே வைத்துவிடலாம். கடைவீதிச் சந்தில் திரும்பும். டயர் சின்னது, விலையும் கம்மி. எந்த ஊரிலும் ஸ்பேர் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். பட்டறைக்கு இழுவை வேலையே வராது, பார்ட்ஸ் மட்டும்தான் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. நல்ல ஏஸாகப் பார்த்து எடுத்துவிடுங்கள், மீதிப் பணத்தில் கருவி வாங்கலாம்.

மாருதி சூப்பர் கேரியும் அதே ஜாதிதான். 2016-ல் 793 சிசி டீசலோடு வந்தது, இப்போது இருப்பது 1.2 லிட்டர் பெட்ரோலும் சிஎன்ஜியும். ஓட்டக் கார் மாதிரி இருக்கும். எடை ஏஸ் அளவுதான், அதனால் இழுவைக்கு அதே பதில்.

தோஸ்த்தில்தான் நான் நிறைய நாள் தடுமாறினேன். அசோக் லேலண்டும் நிசானும் சேர்ந்து 2011-ல் கொண்டுவந்த வண்டி, ஓசூரில் தயாரானது. 1,478 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ டீசல், சுமார் 58 குதிரைத்திறன். ஒன்றேகால் டன் ஏற்றலாம். தளம் எட்டடிக்கு மேல் நீளம், ஐந்தடிக்கு மேல் அகலம். ஈரோட்டில் ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்தேன், லோடோடு மேட்டில் இரண்டாவது கியரில் அலட்டாமல் ஏறியது. காலி எடை ஒன்றேகால் டன்னுக்குப் பக்கம் வரும். 800-க்கு இரண்டு மடங்கு கிட்டத்தட்டச் சரி, ஆம்னிக்கு ஒன்றரை மடங்கு சரி, பத்மினிக்குக் கொஞ்சம் இழுபறி. தளத்தில் இரண்டு மூன்று பழைய கியர்பாக்ஸைப் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே வைத்துக் கட்டிவிட்டால் பின்சக்கரப் பிடிப்பும் தேறிவிடும். சமவெளியில் பட்டறை வைத்திருந்தால் நான் தோஸ்த்தைத்தான் எடுத்திருப்பேன். திருப்பூர், கரூர் பக்கம் உள்ளவர்கள் தயங்காமல் இதைப் பார்க்கலாம்.

பழைய மஹிந்திரா ஜீப் மேல் எனக்குத் தீராத ஆசை. எம்எம் 540-ல் இருக்கும் 2,112 சிசி பூஜோ இன்ஜின் சத்தம் கேட்டாலே தெரியும். நாலு சக்கர இழுவை உள்ளதாகக் கிடைத்தால் சேற்றில் மாட்டிய காரைக்கூட வெளியே எடுத்துவிடும். என் குருநாதர் பட்டறையில் இருந்தது ஜீப்தான். இருந்தும் விட்டுவிட்டேன். பார்ட்ஸ் ஏற்ற இடமில்லை, 15 வருடம் தாண்டியது, ஆவண வேலை அதிகம். நான் பார்த்த மூன்றில் இரண்டின் சேஸிஸ் அடியில் சுத்தியலால் தட்டினால் துரு பொறுக்காக உதிர்ந்தது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். ஏன் கட்டி இழுக்க வேண்டும், காரையே மேலே ஏற்றிவிட்டால் என்ன? நானும் டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். மாருதி 800-ன் மொத்த நீளம் 3,335 மி.மீ. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,175. மூக்கு, வால் இரண்டும் ஏறத்தாழப் பாதிப் பாதி நீட்டிக்கொண்டிருக்கும். அதாவது பம்பர் கேபின் சுவரில் முட்டி நிற்கும்போது, பின்சக்கரம் சுவரிலிருந்து சுமார் 2,750 மி.மீ. தள்ளி நிற்கும். தோஸ்த் தளம் இரண்டரை மீட்டர், எனவே சக்கரம் வெளியே. பொலிரோ பிக்கப்பின் ஒன்பதடித் தளத்தில் சக்கரம் சரியாகத் தளத்தின் விளிம்பில் வந்து நிற்கும், டெயில் கதவை மூட முடியாது. பத்தடி பாடி போட்ட டாடா 407-லும் வால் வெளியே நீளும். ரெக்கவரிக்காரர்கள் நீளமான சேஸிஸ் எடுத்து, சாயும் தளமும், காரைக் கம்பியால் மேலே இழுக்கும் வின்ச்சும் போடுவது இதனால்தான். அது நாலு லட்சத்தில் முடிகிற வேலை இல்லை. அதோடு லோடும் சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டும் சரக்கு வண்டிக்குப் பர்மிட் வேண்டும். அந்த எல்லைக்குள் இருக்கும் ஏஸ், தோஸ்த் போன்றவற்றுக்கு அந்தத் தொல்லை கிடையாது. பொலிரோ பிக்கப்பில் சில பெரிய மாடல்கள் எல்லையைத் தாண்டும், ஆர்சியில் மொத்த எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருப்பது பொலிரோ. இதில் இரண்டு உண்டு: ஒற்றை கேபின் பிக்கப், இரட்டை கேபின் கேம்பர். பழைய மாடல்களில் இரண்டிலும் 2,523 சிசி, நாலு சிலிண்டர் டீசல். 63 குதிரைத்திறனில் தொடங்கி, பின்னால் வந்தவற்றில் 75 வரை. ஏணி மாதிரியான தனிச் சேஸிஸ், பின்னால் கமான் பட்டை. காலி எடை ஒன்றரை டன்னைத் தாண்டும். இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கும், பிரேக் சூடாவது குறையும். மைலேஜ் பத்துப் பன்னிரண்டுதான். தளம் உயரம், ஆகவே இன்ஜின் ஏற்ற செயின் பிளாக்கோ நாலு ஆளோ வேண்டும். இந்த இரண்டு குறையையும் தெரிந்தே ஒப்புக்கொண்டேன்.

பிக்கப்பா, கேம்பரா என்பதில் கடையில் எல்லாரும் பிக்கப் பக்கம்தான். தளம் பெரிது, விற்கும்போது விலை நிற்கும். கேம்பரின் தளம் ஐந்தடி போல, ஒரு டன் ஏற்றலாம். பார்ட்ஸ் கணக்குப் போட்டால் பிக்கப்தான் சரி.

என்னைக் கேம்பர் பக்கம் திருப்பியது ஒரு சாயங்காலம். ஆல்டோ ஒன்று மலையில் நின்றுவிட்டது. கணவன், மனைவி, இடுப்பில் ஒரு குழந்தை, கூட ஒரு பாட்டி. அந்தப் பாதையில் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு உண்டு, யானை நடமாட்டமும் உண்டு. நான் போனது ஒற்றை கேபின் வாடகை வண்டியில். டிரைவரையும் என்னையும் விட்டால் ஒருவர்தான் உட்காரலாம். கயிற்றில் கட்டிய காருக்குள் குழந்தையை உட்கார வைக்க மனம் வரவில்லை, சரக்குத் தளத்தில் ஆளை ஏற்றவும் கூடாது. கடைசியில் பாட்டியையும் குழந்தையையும் கீழே இறங்கிக்கொண்டிருந்த பஸ்ஸைக் கை காட்டி ஏற்றிவிட்டோம். "தம்பி, நீங்க வந்துருவீங்கல்ல?" என்று அந்தப் பாட்டி ஜன்னல் வழியாக மகனைக் கேட்டுக்கொண்டே போனது இன்னும் காதில் இருக்கிறது. கேம்பரில் டிரைவரோடு ஐந்து பேர் உட்காரலாம். கதவு பெரிதாக இருந்தால் தளத்தில் சாய்த்துக் கட்டிக்கொள்கிறேன், ஆனால் நடு மலையில் ஒரு குடும்பத்தை இருட்டில் விட்டு வர முடியாது.

எந்த வண்டி எடுத்தாலும் சில விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பழுதான காரைக் கட்டி இழுப்பது பக்கத்துப் பட்டறை வரைக்கும்தான். இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள். முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கும் அமைப்பு இல்லையென்றால், இழுபடும் காரின் ஸ்டியரிங்கில் லைசென்ஸ் உள்ள ஆள் இருக்க வேண்டும். கயிறு மற்றவர் கண்ணில் படும்படி ஒரு சிவப்புத் துணியாவது கட்டுங்கள். காரின் பின்னால் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' (இழுத்துப் போகும் வண்டி) என்று இருக்க வேண்டும், எழுத்து உயரம் குறைந்தது 75 மி.மீ. மலையில் கயிறே வேண்டாம். இரும்புத் தண்டு போட்டால்தான் பின்னால் வரும் கார் முன்னால் வந்து மோதாது. ஆட்டோமேட்டிக் கியர் கார் என்றால் அதன் இன்ஜின் சுழற்றும் சக்கரம் தரையில் உருளக் கூடாது, ரெக்கவரி வண்டியைக் கூப்பிட்டுவிடுங்கள்.

அப்புறம் இன்சூரன்ஸ். இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. சரக்கு வண்டிப் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். பழுதான ஒரு வண்டியைக் கட்டி இழுக்க அனுமதி இருக்கும், ஆனால் அதற்குக் கூலி வாங்கக் கூடாது என்றிருக்கும். இழுவைக்கென்று தனியாகப் பணம் வாங்கினால், விபத்து நேரத்தில் பாலிசி கை கொடுக்காமல் போகலாம். என் பட்டறைக்கு வேலைக்கு வரும் காரை மட்டுமே இழுக்கிறேன், அதற்குக் கூலி வாங்குவதில்லை. இழுவையே தொழில் என்றால் ரெக்கவரி வண்டியாகவே பதிவு செய்து, அதற்கான பாலிசி எடுக்க வேண்டும். சேஸிஸில் கிரேன் கொக்கி பொருத்தினாலும் ஆர்டிஓவிடம் சொல்லி ஆர்சியில் ஏற்ற வேண்டும்.

கடைசியாகப் பார்த்தது இரண்டு கேம்பர். முதலாவது பெயின்ட் பளபளவென்று இருந்தது. கீழே படுத்து டார்ச் அடித்தேன். பின் கமான் பட்டை சேஸிஸோடு சேரும் பிராக்கெட்டைச் சுற்றி மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட். சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெல்டிங் தையல். அதிக லோடு ஏற்றி விரிசல் விட்டதை ஒட்டியிருக்கிறார்கள். இழுவையின் மொத்தப் பாரமும் வந்து சேரும் பின்பக்கத்தில் அந்த வேலை இருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

இரண்டாவதில் பெயின்ட் மங்கல், சீட் கிழிசல், கிளட்ச் வழுக்கல். சேஸிஸ் மட்டும் முன்னிலிருந்து பின்வரை ஒரே நிறத்தில், ஒரே தூசியோடு இருந்தது. பின்குறுக்குச் சட்டம் நேராக இருந்தது. கிளட்ச் நானே மாற்றிக்கொள்வேன். எஃப்சி (தகுதிச் சான்று) இன்னும் எட்டு மாதம் இருந்தது, வரி கட்டியிருந்தது, பைனான்ஸ் முடிந்திருந்தது, ஆனால் ஆர்சியில் ஹெச்பி, அதாவது பைனான்ஸ்காரர் பேரில் உள்ள அடமானக் குறிப்பு, இன்னும் அடிக்கவில்லை (நீக்கவில்லை). கேட்ட விலையில் இருபதாயிரம் குறைத்துப் பேசி முடித்து, அட்வான்ஸ் மட்டும் கொடுத்தேன். ஹெச்பி அடித்த ஆர்சி கைக்கு வந்த அன்று மீதியைக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். வந்த வழியிலேயே ஒரு பலகையை வெள்ளையடித்து, 'ஆன் டோ' எழுத போர்டு எழுதுகிறவரிடம் கொடுத்துவிட்டேன்.