தல்லாகுளத்தில் ஒரு நாள் பயிற்சி: பாலஸ்தீனப் பெண்களும் பேச்சுவார்த்தையும்

சமாதானப் பேச்சுவார்த்தையில் பெண்களுக்கு இடம் கிடைப்பது பற்றி, பாலஸ்தீனத்தை வைத்து, மதுரை தல்லாகுளத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி நடத்துகிறார்கள். கட்டணம் 400 ரூபாய், மதியச் சாப்பாடும் சேர்த்து. மேலூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் மகளிர் குழுப் பெண்கள் சிலர் சேர்ந்து போனோம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காலை வகுப்புக்கே அந்தக் காசு தகும். மதியத்துக்கு மேல் நடந்தது சுமார்தான்.

பாடத்தை 1987-இல் தொடங்கினார்கள். மேற்குக் கரையிலும் காஸாவிலும் இஸ்ரேலிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் பாலஸ்தீனர்களின் முதல் இன்டிஃபாதா எழுச்சி வெடித்த வருடம். ஆண்கள் பலர் சிறைக்குப் போக, தெருவுக்குத் தெரு குழு அமைத்ததிலும், ராணுவம் பள்ளிகளை மூடியபோது வீட்டுக்குள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்ததிலும், இஸ்ரேலியப் பொருளை வாங்காமல் சமாளிக்க வீட்டைச் சுற்றிக் காய்கறி போட்டதிலும் பெண்கள் முன்னால் நின்றார்கள். 1988-இல் அந்தத் தெருக் குழுக்களையே இஸ்ரேல் தடை செய்தது. இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். குழுக் கணக்கு எழுதி, தவணை வசூலித்துப் பழகியவர்களுக்கு இதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் 1991 மாட்ரிட் மாநாடு, இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் வெளிப்படையாக உட்கார்ந்த சமாதான மாநாடு. பாலஸ்தீனத் தரப்பின் செய்தித் தொடர்பாளராக ஹனான் அஷ்ராவி. நாப்லஸில் பிறந்து, ஆங்கில இலக்கியம் கற்பித்த பேராசிரியர். பெண்கள் குழுக்களைக் கட்டி வளர்த்த ஜஹீரா கமாலும் அந்தப் பேச்சுவார்த்தைக் குழுவோடு இருந்தார்.

இதைப் பாடமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் மறுநாளே மறந்திருப்பேன். நடித்துப் பார்க்க வைத்தார்கள். நாங்கள் பத்துப் பேர் முன்னறையில் பாலஸ்தீனத் தரப்பு. எதிரே இஸ்ரேல் தரப்பாக இன்னொரு பத்துப் பேர். ஆக்கிரமித்த நிலத்தில் இஸ்ரேலியக் குடியேற்றங்கள் கட்டுவதை முதலில் நிறுத்து, ஜெருசலேமைப் பற்றிப் பேசு என்று நாங்கள் விடாப்பிடியாக நின்றோம். நடுவில் இரண்டு பேரைப் பயிற்சியாளர் டீ எடுக்கக் கூப்பிடுவது போலக் கூட்டிப் போனதை யாரும் கவனிக்கவில்லை. பின்னறையிலிருந்து கையெழுத்துப் போட்ட தாளோடு அவர்கள் திரும்பி வந்தபோது சோழவந்தான் அக்கா ஒருவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது: "என்னத்தா இது! நாங்க இங்க தொண்டைத்தண்ணி வத்தக் கத்திக்கிட்டு இருக்கோம், நீங்க அங்க முடிச்சிட்டு வந்துட்டீகளா?"

அந்தத் தாள்தான் இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் போட்ட 1993 ஆஸ்லோ ஒப்பந்தம். மாட்ரிட்டுக்குப் பிறகு வாஷிங்டனில் வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருந்த பாலஸ்தீனக் குழுவில் பெரும்பாலோருக்குத் தெரியாமல், நார்வேயில் ரகசியமாகப் பேசி முடித்தது. அங்கே பாலஸ்தீனத் தரப்பில் உட்கார்ந்து பேசியவர்கள் ஆண்கள். ஐந்து வருடத்துக்கு இடைக்கால சுயாட்சி என்று எழுதினார்கள். ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லை எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். முன்னறையில் நாங்கள் எதற்காக மல்லுக்கட்டினோமோ அதுவே தாளில் இல்லை.

நான் ஒரு தடவை வார்டு உறுப்பினராக இருந்தவள். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016-இல் சட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் தலைவி நாற்காலியில் இருக்க, டெண்டர் பேச்சு அவர் வீட்டுக்காரரோடு டீக்கடையில் முடிகிற ஊர்களை எனக்குத் தெரியும். அதனால் இங்கே எத்தனை நாற்காலி என்பதோடு எந்த அறையில் நாற்காலி என்பதையும் கேட்கச் சொல்லிக்கொடுத்தது எனக்குப் பிடித்தது.

மதிய வகுப்பில் திரையில் இருந்ததை அப்படியே வாசித்தார்கள். பேச்சுவார்த்தைகளில் பெண்களைச் சேர்க்கச் சொன்ன ஐ.நா. பாதுகாப்பு சபையின் 1325-ஆம் தீர்மானம் 2000-இல் வந்தது. பாலஸ்தீன அமைப்புகளில் பெண்கள் 30 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் (பி.எல்.ஓ.) மத்திய கவுன்சில் 2015-இல் முடிவெடுத்தது. சரி, எடுத்த முடிவு ஏன் நடைமுறைக்கு முழுதாக வரவில்லை? அங்கேதான் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். 2023 அக்டோபரில் போர் வெடித்த பிறகான காஸாவையும் ஓட்டமாக ஓடிக் கடந்தார்கள், அது எனக்கு வருத்தம்.

ஒரு கல்லூரிப் பெண் கேட்ட கேள்விக்கு மட்டும் மழுப்பாத பதில் வந்தது. இஸ்ரேலியப் பெண்களோடு சேர்ந்து வேலை செய்தார்களா என்று கேட்டாள். 1994-இல் ஜெருசலேம் லிங்க் என்று இரு தரப்புப் பெண்கள் அமைப்புகளும் கைகோத்ததைப் பயிற்சியாளர் சொன்னார். ஆக்கிரமிப்பு நீடிக்கும்போது கூடிப் பேசுவது எல்லாம் சகஜமாக இருப்பதாகக் காட்டிவிடும் என்று ஒதுங்கிய பாலஸ்தீனப் பெண்களும் உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

சாப்பாடு எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு. அப்பளம் நமத்திருந்தது. கொடுத்த வரைபடம் ஜெராக்ஸில் கறுப்பாகி, மேற்குக் கரை எது, இஸ்ரேல் எது என்றே தெரியவில்லை. அத்தனை பெண்களுக்கும் ஒரே கழிப்பறை. கைக்குழந்தையோடு வந்தால் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறார்கள், அதற்குத் தனிக் காசு இல்லை. குழுவாகப் போனால் கட்டணத்தில் கொஞ்சம் குறைக்கிறார்கள், ஆனால் நாமாகக் கேட்க வேண்டும்.