அப்பான்ர தோளும் 14 நாள் கல்ச்சரும்

ரொறன்ரோவில இருந்து மூண்டு கிழமை லீவில யாழ்ப்பாணம் வந்தது அப்பான்ர தோள் ஒப்பரேஷனுக்காகத்தான். ரெண்டு வருசத்துக்கு முதல் சைக்கிளால விழுந்து பிளேட் வைச்சவர், அதுக்குப் பிறகு நோவும் இறுக்கமும் விடவே இல்லை, ஆனா காய்ச்சல் இல்லை சீழ் இல்லை ரத்தத்தில சிஆர்பியும் (உடம்பில அழற்சி இருந்தா ஏறுற அளவு) நோர்மல், அதால எல்லாரும் வயசு எண்டு விட்டிட்டினம். இஞ்சை ஒரு எலும்பு டொக்டர்தான் கிருமி இருக்கலாம், பிளேட்டைக் கழட்டேக்க சதையும் எடுத்து லாப்பில கிருமி வளருதோ எண்டு (அதுதான் கல்ச்சர்) பாப்பம் எண்டவர். ரெண்டு கிழமைக்கு முதலே அன்ரிபயோட்டிக்கை நிப்பாட்டச் சொல்லிட்டார், அம்மா பாமசியில வாங்கிக் குடுக்கிற குளிசையையும் சேர்த்து, இல்லாட்டி கிருமி உள்ளுக்க இருந்தாலும் லாப்பில வளராமப் போயிடுமாம்.

அஞ்சு இடத்தில அஞ்சு துண்டு, ஒவ்வொண்டுக்கும் புது ஆயுதம். ஏனெண்டா டொக்டர் சந்தேகப்பட்ட கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் (முகப்பருவோட சேர்த்துச் சொல்லுற அதே கிருமி, 2016 வரைக்கும் புரோப்பியோனிபாக்டீரியம் எண்டவை) தோள் தோலில எண்ணெய்ச் சுரப்பியளுக்க எல்லாருக்கும் இருக்கிறதுதான், மருந்து பூசித் துடைச்சாலும் முழுக்கப் போகாது, ஒரு துண்டில மட்டும் வந்தா தோலால ஒட்டினதாயும் இருக்கலாம், ரெண்டு மூண்டில வந்தாத்தான் நம்பலாம். கல்ச்சருக்குப் போற துண்டை ஃபோமலினுக்க (சதை பழுதாகாம வைக்கிற மருந்துத் தண்ணி) போடவே கூடாது, கிருமி செத்திடும், மைக்ரோஸ்கோப்பில பாக்கிற பயோப்சித் துண்டுக்குத்தான் அது. தியேட்டர் மிஸ்ஸி ஒவ்வொரு போத்திலா லேபிளைப் பாத்துப் பாத்துத் தந்தவ, அவவுக்குக் கோடி நன்றி.

லாப்பிலதான் பிரச்சினை. ஃபோமில 14 நாள் எண்டு டொக்டர் வடிவா எழுதியிருந்தவர், அஞ்சாம் நாளே "ஒண்டும் வளரேல்லை" எண்டு றிப்போட் தந்திட்டினம். சாதாரணக் கிருமியெண்டா அது காணும், இது காத்துப் படாத இடத்தில மெதுமெதுவா வளர்றது. ரிக்கற் திகதி நெருங்குதெண்டு கெதியா தாங்கோ கெதியா தாங்கோ எண்டு கவுண்டரில நிண்டு கேட்டதும் நான்தான், அதை நினைக்க இப்பவும் நெஞ்சு பதறுது. ஓட்டோ பிடிச்சு ஓடிப்போய்க் கேட்டன், நல்ல காலம் ஒண்டையும் எறியேல்லை, உள்ளுக்க நிண்ட அண்ணை ஃபோமைப் பாத்திட்டு "ஓம் தம்பி, பிழைதான், திரும்ப வைக்கிறன்" எண்டு அஞ்சையும் திருப்பி வைச்சார்.

ஒன்பதாம் நாள் அவரே கோல் எடுத்தவர், அஞ்சில மூண்டில வளர்ந்திருக்கு, எண்டாலும் 14 நாளும் வைச்சுத்தான் கடைசி றிப்போட் தருவாராம். ரிக்கற்றை ஒரு கிழமை தள்ளிப் போட்டிட்டன். உங்கட ஆக்களுக்கும் இப்பிடி எடுக்கினம் எண்டா ஃபோமைக் குடுக்கேக்க 14 நாள் எண்டதை லாப்பில வாயாலயும் சொல்லிப்போட்டு வாங்கோ.