பொம்மையா, நடிகரா? வெறியில் வரும் பிள்ளைக்குச் சிகிச்சை செய்யப் பழகும் இரண்டு வழிகள்

"வெறி முறியும்வரை படுக்கட்டும்." மட்டக்களப்பு மாவட்டத்தில் நான் தாதியாக வேலை செய்த வாட்டுகளில் இந்த வார்த்தையை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். அப்படிப் படுக்கவைத்த பதினேழு வயதுப் பிள்ளை ஒருவனுக்குத் தலையிலும் அடிபட்டிருந்ததை விடியற்காலையில்தான் கண்டோம். பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த இரவுக்கு எங்களை யாரும் பழக்கியிருக்கவில்லை.

அப்படிப் பழக்கும் வழிகளில் விரிவுரையை இங்கே கணக்கில் எடுக்கவில்லை. வாந்தி எடுப்பவனைப் பக்கவாட்டில் புரட்ட, படம் பார்த்து யாரும் பழகியதில்லை. மிஞ்சுபவை இரண்டு: பொம்மை, நோயாளியாக நடிக்கும் மனிதர்.

1960இல் நோர்வேயில் விளையாட்டுப் பொம்மைகள் செய்துவந்த ஓஸ்முண்ட் லேர்டால் மூச்சூட்டிப் பழக உருவாக்கிய 'ரெசஸி ஆன்' வெறும் உடற்பொம்மை. இன்றைய விலையுயர்ந்த பொம்மைகளுக்கு மூச்சு ஓடுகிறது, நாடி துடிக்கிறது, கண்மணி விரிகிறது. நினைவு தப்பியவனின் வாந்தி நுரையீரலுக்குள் இறங்குவது அளவுமீறிய மதுவின் பெரிய ஆபத்துகளில் ஒன்று. உறிஞ்சி எடுப்பதையும் குழாய் போடுவதையும் உயிருள்ளவர் மேல் பழக முடியாது. அங்கே பொம்மைக்கு நிகரில்லை. நினைவு எவ்வளவு தெளிவு என்று காட்டும் கிளாஸ்கோ அளவு 15இலிருந்து 8க்கு இறங்குவதைப் பயிற்றுநர் தான் நினைத்த நிமிடத்தில் காட்டலாம். மது ஈரலின் சர்க்கரை உற்பத்தியைத் தடுப்பதால் இளம் பிள்ளைகளின் இரத்தச் சர்க்கரை விழக்கூடும்; விரலில் குத்திப் பார்க்க மறந்தவர் அதை அங்கேயே உணர்வார். எல்லோருக்கும் ஒரே சோதனையை வைக்க வேண்டுமென்றாலும் பொம்மைதான் நேர்மையானது.

ஆனால் பொம்மை கையை உதறாது, வசைபாடாது, அழாது. அதன் குரல் அடுத்த அறையில் இருக்கும் பயிற்றுநரின் குரல்.

1963இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹவார்ட் பாரோஸ், நலமாயிருந்த ஒருவரை நோயாளியாக நடிக்கவைத்துத் தம் மாணவர்களைச் சோதித்தார். அந்த வழிக்கு நம்மிடம் என்ன குறை? வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் ஆடும் மண் இது. சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நமது பையன்கள் பேசும் தமிழையே பேசுகிறார்கள்.

இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பையன் பொலிஸுக்குப் பயப்படுகிறான். அதைவிட அப்பாவுக்குப் பயப்படுகிறான். காத்தான்குடி முஸ்லிம் பிள்ளையானாலும் ஆரையம்பதித் தமிழ்ப் பிள்ளையானாலும் அவமானம் வாயை அடைத்துவிடுகிறது. குடித்தது கடைச் சாராயமா, களவாகக் காய்ச்சிய கசிப்பா, மாத்திரையும் சேர்ந்ததா? சிகிச்சை இந்தப் பதிலைப் பொறுத்தது. கசிப்பில் மெதனோல் என்ற நச்சு மதுசாரம் கலந்திருந்தால் பார்வை மங்குவது பல மணி நேரம் கழித்தே தெரியலாம். அதற்குள் வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

"தம்பி, உன்னைக் காட்டிக்கொடுக்கக் கேட்கவில்லை. என்ன குடித்தாய் என்று தெரிந்தால்தான் சரியான மருந்து தரலாம்." இதை அதட்டாமல், கெஞ்சாமல் சொல்லப் பழக எதிரில் ஒரு முகம் வேண்டும். முடிந்த பின் அந்த முகமே, "நீங்கள் 'இந்த வயதில் இது தேவையா' என்றதும் வாயை மூடிக்கொண்டேன்" என்று சொல்லும். எனக்கு இதுதான் முடிவான வேறுபாடு. வெறி தெளிந்த காலையில் அவனோடு பேச வேண்டிய ஐந்து நிமிடத்தையும் இப்படித்தான் பழக முடியும்.

நடிப்பவரைக் காப்பதும் நம் பொறுப்பு. உண்மையான ஊசி கூடாது. பிடித்து அடக்குவதற்கு எல்லை வேண்டும். அவர் ஒரு சொல் சொன்னால் எல்லாம் நிற்க வேண்டும். வீட்டில் குடியால் நொந்தவரை இந்த வேடத்துக்கு வற்புறுத்தக் கூடாது.

பணம் குறைவென்றால் நடிகரையும் ஓர் எளிய மூச்சுவழிப் பொம்மையையும் தேர்வேன். நடிகரோடு தொடங்கி, "நினைவு தப்பியது" என்று பயிற்றுநர் சொன்னதும் பக்கத்துக் கட்டிலிலிருக்கும் பொம்மைக்கு மாறலாம். பயிற்சி அறையில் அல்ல, அவசர சிகிச்சைப் பிரிவிலேயே, நமது கட்டிலிலும் நமது உறிஞ்சு கருவியிலும் செய்ய வேண்டும். இருபது நிமிடம் நடித்தால், அதைவிட நீண்ட நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். வைத்தியர், தாதி ஆகியோருடன் சிற்றூழியரையும் வாசல் காவலாளியையும் சேர்க்க வேண்டும். அந்தப் பிள்ளை வைத்தியசாலையில் முதலில் கேட்பது அவர்களின் குரலைத்தான்.