எல்டன் ரிங்: ஏன் செத்தோம் என்று தெரிகிற ஆட்டம்

2022-இல் வந்த வீடியோ கேம் எல்டன் ரிங்கில் ஈஸி மோடு கிடையாது. செத்தால் சேர்த்த ரூன் (லெவல் ஏற்றவும் பொருள் வாங்கவும் செலவழிக்கிற காசு) அங்கேயே கிடக்கும். எடுப்பதற்குள் மறுபடி செத்தால் போச்சு.

முதல் முட்டுக்கட்டை மார்கிட் என்கிற பாஸ், அதாவது பெரிய எதிரி. தடியை ஓங்கி, கொஞ்சம் நிறுத்தி, அப்புறம்தான் இறக்குவான். ஓங்கியதுமே தப்பிக்க உருண்டால் அடி நிச்சயம். கை இறங்கும்போது உருளணும். போட்டிருக்கிற ஆயுதம், கவசத்தின் சுமை தாங்கும் அளவில் 70 சதவீதத்தைத் தாண்டினால் உருளலும் மந்தமாகிவிடும். முடியலையா? தெற்கே இருக்கிற வீப்பிங் பெனின்சுலா பகுதியைச் சுற்றி வாங்க. உயிர் அளவைக் கூட்டும் விகரை 20-க்கு ஏற்றுங்க. சாதாரண ஆயுதத்தை +3 ஆக்க ஆயுதத்தை மேம்படுத்தும் கல்லான ஸ்மிதிங் ஸ்டோனில் முதல் நிலை 12 போதும். ஆரம்பத்திலேயே வரும் எல்லே தேவாலயத்திலேயே அந்த வேலை முடியும். திரும்பி வந்து அடித்தால் வித்தியாசம் கையில் தெரியும். கஷ்டம் இனிப்பது இங்கேதான்.

ஆனால் டிராகனிடம் லாக்-ஆன் (பார்வையை ஒரே எதிரிமேல் பூட்டுவது) போட்டால் கேமரா காலடியில் மாட்டிக்கொள்கிறது. அது சவால் இல்லை, வெறும் எரிச்சல். கேட்டகோம்ப் என்கிற நிலத்தடிக் கல்லறைகளில் அதே பாஸ்களைத் திரும்பத் திரும்ப இறக்கியிருப்பதும் சோம்பேறித்தனம்.