நத்தார் பரிசு தைக்க மிச்சத்துணி எடுக்கிற கடை

திருமலை மத்திய வீதிப் பக்கம் மீற்றர்த் துணி விக்கிற சின்னக் கடை ஒண்டில வெட்டி மிஞ்சிற துண்டுகளைத் தனியா பெட்டியில போட்டு நிறுத்துத் தருவாங்கள், வீட்டிலயே நத்தார் பரிசு செய்யிற ஆக்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியேல்ல. பருத்தியா பாத்து எடுங்கோ, நைலோன் கலந்தது அயன் சூடு பட்டா சுருண்டிடும். நான் செய்தது சட்டி இறக்கிற துணி, நடுவில பழைய துவாயை ரெண்டா மடிச்சு வச்சுக் குறுக்கும் நெடுக்குமா தைச்சா சூடு கைக்கு வராது, மாமிக்கு அவ்வளவு சந்தோசம்! மிஞ்சின துண்டில ஜாம் போத்தல் மூடிக்கும் கட்டலாம். உள்ளுக்கு மில்க் டொபி, போத்தலை அவிச்சு நல்லாக் காயவச்சிட்டுப் போடுங்கோ, இந்த மார்கழி மழைக்கு வெளியில வச்சா கசிஞ்சு ஒட்டும்.

ஒரு குறை, சிவப்புத் துணி சாயம் போகுது. தைக்க முதல் தனியா ஊறவையுங்கோ. எடுத்ததை மாத்தவும் ஏலாது, அதால கடையிலயே விரிச்சு ஓட்டை, கறை பாருங்கோ, முதலாளி ஒண்டும் சொல்லமாட்டார். நத்தார் கிட்ட வந்தா நல்ல நிறமெல்லாம் முடிஞ்சிடும், வெள்ளெனப் போங்கோ.